கிழக்கே பார்ப்பவன்

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பது பழமொழி. இராமுழுதும் ஆடியவன் எப்போது விடியும் என்று கீழ்வானத்தை நோக்குகிறான். பகல் முழுதும் மண்வெட்டி பிடித்தவன் எப்போது பொழுது சாயும் என்று மேல்வானத்தை நோக்குகிறான். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருவருடைய சோம்பலையும் குறித்த பேச்சாகவே இதனைக் கொள்கிறார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் உழைக்கிறார்கள், இருவருக்கும் உடம்பு நோகிறது, இருவருடைய வேலைக்கும் முடியும் நேரம் என்று ஒன்று உண்டு. கூத்தாடியும் உழைப்பாளிதான் என்பதை நம் மக்கள் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது.

மேற்கே பார்த்தவன் சங்கம் கண்டான். இலங்கையில் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் இலங்கைத் தொழிலாளர் சங்கம் 1922இல் எழுந்தது. அடுத்த ஆண்டே கொழும்பு ஒரு பொது வேலைநிறுத்தத்தைக் கண்டது. கிழக்கே பார்த்தவன் என்ன ஆனான்?

வன்னிப் பெருநிலத்தில் நின்றுகொண்டு இக்கேள்வியைக் கேட்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வயலும் குளமும் காடுமான நாடு இது. தொழிற்சாலை என்று எண்ணப் புகுந்தால் ஒரு காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் முன்னே வந்து நின்றன; அவையும் யுத்தத்தோடு ஓய்ந்தன. இங்கே நாடகக் கம்பெனி ஏது, படப்பிடிப்பு ஏது, நடிகனுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்பார்கள். ஆனால் இங்கே ஆடுபவர் இல்லை என்று எவரும் சொல்லார்.

முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து பெற்றிருக்கும் செல்வாக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலோடு பிணைந்தது. வைகாசிப் பொங்கலுக்கு நாலா திசையிலிருந்தும் மக்கள் திரளும் அக்கோயிலைச் சூழ்ந்த ஊர்களில் கோவலன் கதை பள்ளிப்பாடமன்று, நேர்த்திக்கடன். காத்தவராயன் கூத்தும் அத்தகையதே. அறுவடை முடிந்து கை ஓய்ந்த நாளில் அண்ணாவியார் வருவார், பாத்திரங்களைப் பங்கிடுவார், மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குவார். பகலில் வரம்பு கட்டியவன் இரவில் பாண்டியனாவான். ஆடுபவன் ஊரவன், பார்ப்பவன் ஊரவன், பந்தலுக்குக் கம்பு வெட்டுபவனும் ஊரவன். இங்கே கூலி என்ற சொல்லுக்கு வேலை இல்லை, இருக்கவும் தேவையில்லை. அம்மனுக்கு நேர்ந்து ஆடுபவனிடம் போய்ச் சங்கத்தில் சேர் என்று சொல்பவன் கூத்தையும் அறியாதவன், சங்கத்தையும் அறியாதவன்.

அண்ணாவியாரின் நிலை வேறு. மத்தளக்காரரின் நிலையும் வேறு. அவர்கள் ஊர்விட்டு ஊர் அழைக்கப்படுபவர்கள். தம் வயலை விட்டுப் பிறர் ஊரில் இரவுகளைக் கழிப்பவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது வேட்டியும் சால்வையும் நெல்லும் வெற்றிலையில் வைத்த பணமும். இதற்குச் சன்மானம் என்று பெயர். சன்மானம் கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. கூலி வாங்குபவன் உரிமையைப் பொறுத்தது. நடிகர் சங்கங்களின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கும் வரலாறுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் முதிய மத்தளக்காரர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையால் இறங்கி வந்தவர் என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, அதனை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, இதோடை எட்டு. இதைக் கொண்டுபோனால் கடைக்காரன் அரிசி தருவானோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தமிழ்நாட்டில் நடிப்பு ஒரு பிழைப்பாக மாறியது கம்பெனிகளின் காலத்தில். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதிற் சேர்ந்த தி. க. சண்முகம் ஆறு வயதுச் சிறுவன். பாலர் கம்பெனி என்றால் என்ன என்பதை இந்த ஒரு செய்தியே சொல்லும். பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் கம்பெனி வீட்டில்; சம்பளம் பெற்றோர் கைக்கு; பாட்டும் அடியும் வாத்தியாரிடம். குரல் உடையும் பருவத்தை அவர்கள் 'மகரக்கட்டு' என்று அழைத்தார்கள். ஸ்திரீபார்ட்டில் ஊரை மயக்கிய பையன் ஓர் ஆண்டில் மூலையில் நிறுத்தப்படுவான். குரல் திரும்பினால் அதிர்ஷ்டம், திரும்பாவிட்டால் சீன் இழுக்கும் வேலை. சண்முகம் பிற்காலத்தில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' இவ்வாழ்வின் இன்பத்தையும் துன்பத்தையும் சொல்கிறது. அதைப் படித்தவர்கள் சுவாமிகளின் மேதைமையையும் மறக்கமாட்டார்கள், அந்தச் சிறுவர்களின் தூக்கக் கண்களையும் மறக்கமாட்டார்கள். ஆறு வயதுத் தொழிலாளிக்கு எந்தச் சங்கம் அங்கத்துவ அட்டை கொடுக்கும்?

கம்பெனிகளில் வளர்ந்து வெளியேறியவர்கள் பலர் 'ஸ்பெஷல்' நாடகத்துக்கு வந்தார்கள். இதன் அமைப்பை ஆசிரியர்களும் மாணவர்களும் ஊன்றிப் பார்க்கவேண்டும். உலகில் இதற்கு இணையான ஏற்பாடு அதிகம் இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். பபூன், டான்ஸ்காரி, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லோரும் தனித்தனியே பேசப்பட்டு, தனித்தனியே முன்பணம் வாங்கி, இரவு பத்து மணிக்கு ஒரு கிராமத்துக் கொட்டகையில் முதன்முறையாகச் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகள் அமைத்துவைத்த 'வள்ளி திருமண'த்தின் பாடலும் தர்க்கமும் எல்லோருக்கும் பாடமாதலால் விடியும்வரை நாடகம் குறைவின்றி நடக்கும். விடிந்ததும் அவரவர் பஸ்ஸில் அவரவர் ஊர்.

இந்நாடகம் கடல் கடந்தும் வந்தது. தமிழ்நாட்டு நடிகர்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கொட்டகை போட்டு ஆடினார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து மேடையேறியது 1920களில் கொழும்பிலேதான். யாழ்ப்பாணத்து இசை நாடகம் இந்த வருகைகளிற் பாடம் கற்றது. அங்கிருந்து அது வன்னிக் கோயில் வீதிகளுக்கும் வந்தது. ஆட்டமும் மெட்டும் வந்தன. அவற்றோடு வந்திருக்கவேண்டிய இன்னொன்று மட்டும் கப்பலேறவில்லை. அதுதான் சங்கம்.

மதுரையில் நாடக நடிகர்களின் சங்கம் 1920களிலேயே தோன்றிவிட்டது. பின்னர் புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களிலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. மில் தொழிலாளிக்கு ஒரு முதலாளி உண்டு. ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலில் நின்று முழக்கமிடலாம். ஸ்பெஷல் நாடக நடிகனுக்கு முதலாளி யார்? இன்றிரவு ஓர் ஊரின் கோயில் கமிட்டி, நாளையிரவு வேறோர் ஊரின் இளைஞர் கூட்டம். நூற்றுக்கணக்கான முதலாளிகள், ஒவ்வொருவரும் ஓர் இரவுக்கு மட்டும். எவனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது? ஆகவே இச்சங்கத்தின் வேலை வேறுவிதமாக அமைந்தது. முன்பணம் வாங்கியவன் வராவிட்டால் விசாரிப்பது. ஆடியவனுக்கு மிச்சப் பணம் தராத ஏஜண்டை விசாரிப்பது. சந்தா சேர்த்து நோயுற்றவனையும் இறந்தவன் வீட்டையும் கவனிப்பது. ஆண்டுதோறும் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் குருபூசை எடுப்பது. சிதறிக்கிடந்தவர்களுக்கு ஒரு முகவரி கிடைத்தது. நாடகம் வைக்க விரும்பிய கிராமத்தான் வந்து தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. தனி நடிகன் தன் வீட்டுத் திண்ணையில் நின்று விலை பேசுவதற்கும் சங்கத்துப் பெஞ்சில் பத்துப் பேர் நடுவே அமர்ந்து விலை பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை, நெல் விற்றுப் பழகிய வன்னி விவசாயிக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இச்சங்கங்களைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிப் போவது நேர்மையன்று. நடிகனைக் 'கூத்தாடி' என்று இகழ்ந்த சமூகத்தில் சங்கம் முதலிற் தேடியது மரியாதை. மரியாதைக்காக ஒழுக்க விதிகள் பிறந்தன. அந்த விதிகளின் பாரம் நடிகைகளின் தோளிலேயே அதிகம் விழுந்தது. மதுரை நடிகைகளுடன் பழகி ஆராய்ந்து சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2005இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி வருகிறது. இரவில் மேடையில் ஆயிரம் பேர்முன் ஆடுபவள், அம்மேடைக்குப் போகும் வழியில் எவர் கண்ணிலும் நடிகையாகப் படாதிருக்கப் பாடுபடுகிறாள். குடும்பப் பெண்ணைப்போல் ஒதுங்கி, ஒடுங்கிப் பயணம் செய்கிறாள். பயணமும் அவளுக்கு ஒரு நடிப்பு; அதற்குக் கூலி இல்லை.

சாதியையும் சொல்லவேண்டும். மேடையில் தேசியப் பாடல் பாடிப் பலமுறை சிறை சென்ற எஸ். எஸ். விசுவநாததாஸ் மருத்துவர் சாதியிற் பிறந்தவர். வெள்ளையன் அவரை விலங்கிட்டான். நம்மவர்கள் அவரோடு சோடியாக நடிக்கத் தயங்கினார்கள். முருகன் வேடத்தில் ஊரார் கும்பிட்ட மனிதனுக்கு மேடைக்குக் கீழே கிடைத்த இடம் அது. 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் முருகன் வேடத்தோடு மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அவ்வளவு பெரிய கலைஞன் கடைசிநாள்வரை கடனாளியாகவே மேடையேறினான் என்பதை நினைக்கும்போது, பாராட்டு ஒருபோதும் அடுப்பில் எரிந்ததில்லை என்பது விளங்குகிறது.

அதே மதுரை மேடையிலிருந்துதான் கே. பி. ஜானகியம்மாளும் வந்தார். சிறுமியாகக் கம்பெனியிற் சேர்ந்து, நடிகையாகப் புகழடைந்து, நாடக மேடையிலேயே தேசியப் பாடல்களைப் பாடி, பின்னர் காங்கிரஸ் சோஷலிஸ்டாகவும் 1940இலிருந்து கம்யூனிஸ்டாகவும் ஆனவர். யுத்த எதிர்ப்புப் பேச்சுக்காகச் சிறை சென்றவர். நடித்துச் சம்பாதித்த நகையையும் நிலத்தையும் இயக்கத்துக்காக விற்றவர். 1967இல் மதுரையிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூத்தாடியும் கூலிக்காரனும் ஒருவரே என்பதை வாழ்ந்து காட்டியவர்களில் அவருக்கு நிகரானவர் நம் மொழியிற் குறைவு.

கடலுக்கு அப்பால் நியூயோர்க் நகரத்து நடிகர்களுக்கு வந்த சோதனை வேறு. அவர்களுக்கு முதலாளி இருந்தான், நன்றாகவே இருந்தான். ஒத்திகைக்குச் சம்பளம் இல்லை. வாரக்கணக்கில் இலவசமாக உழைக்கவேண்டும். உடை நடிகனின் செலவு. வெளியூரில் நாடகம் தோற்றால் முதலாளி வண்டியேறிவிடுவான். நடிகன் அந்த ஊரிலேயே கிடப்பான். 1913இல் 112 நடிகர்கள் கூடி நடிகர் சமத்துவச் சங்கத்தை அமைத்தார்கள். ஆனால் தொழிலாளர் சம்மேளனத்தோடு சேர்வதா என்ற கேள்வி எழுந்தபோது சங்கத்துக்குள்ளேயே கலக்கம். நாம் கலைஞர்கள், கொல்லனோடும் தச்சனோடும் ஒரே கொடியின்கீழ் நிற்பதா என்று கேட்டவர்கள் பலர். அந்தத் தயக்கத்தைக் கடக்க ஆறு ஆண்டுகள் சென்றன. 1919இல் தொழிலாளர் சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்று, ஆகஸ்ட் மாதம் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு மாதம் நடந்தது. எட்டு நகரங்களில் 37 நாடகங்கள் நின்றன. பின்னணியில் ஆடும் கோஷ்டிப் பெண்கள் தமக்கெனச் சங்கம் அமைத்து, மேரி டிரெஸ்லர் என்ற நடிகையைத் தலைவியாக்கிக்கொண்டார்கள். திரை இழுப்பவனும் வாத்தியக்காரனும் நடிகனுக்காக வேலையை நிறுத்தினார்கள். முதலாளிகள் பணிந்தார்கள். கொல்லனோடும் தச்சனோடும் நிற்க நாணியவர்களுக்கு வெற்றி தேடித் தந்தவர்கள் அந்தத் தச்சர்களே என்பதை அமெரிக்க நடிகர்கள் பிறகு மறக்க முயன்றாலும் வரலாறு மறக்கவில்லை.

இங்கிலாந்தில் 1930இல் எழுந்த நடிகர் சங்கம் பின்னாளில் மிகுந்த பலம் பெற்றது. அங்கத்தவனல்லாதவன் மேடையேற முடியாத நிலை வந்தது. அதனால் ஒரு வினோதமும் பிறந்தது. வேலை கிடைத்தாற்றான் அங்கத்துவம், அங்கத்துவம் இருந்தாற்றான் வேலை. பல இளம் நடிகர்கள் இச்சக்கரத்தில் ஆண்டுக்கணக்கில் சுற்றினார்கள். சங்கமும் சில வேளை வாயிற்காவலனாகிவிடும் என்பதற்கு இது சாட்சி. மதுரைச் சங்கங்களையும் இக்கண்கொண்டு பார்க்கலாம். யார் உள்ளே, யார் வெளியே என்ற வழக்கு சங்கம் உள்ள இடமெல்லாம் உண்டு.

சங்கம் இருந்தும் இடர் வராமலில்லை. கொள்ளைநோய் பரவிய 2020இல் ஊரடங்கு மார்ச் மாத இறுதியிற் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களின் காலம் அதுதான். ஸ்பெஷல் நாடக நடிகன் ஆண்டு முழுதும் உண்பது அந்தச் சில மாத உழைப்பை. நாட்குறிப்பில் குறித்துவைத்த இரவுகள் ஒவ்வொன்றாக அடிபட்டன. அரசின் உதவி முதலில் நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியத்திற் பதிந்தவர்களுக்கே அறிவிக்கப்பட்டது. 2007இல் அமைந்த அவ்வாரியத்தில் பதிந்துகொண்டவன் கலைஞனாக எண்ணப்பட்டான். பதியாதவன், முப்பது ஆண்டு ஆடியிருந்தாலும், அவ்வேளையில் வெறும் ஏழை. அட்டை என்பது அற்பப் பொருளன்று.

இனி நம் வன்னிக்கு வருவோம். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து 'மயான காண்ட'த்தில் அரிச்சந்திரனாக ஆயிரக்கணக்கான தடவை நின்றார். அவர் காலத்தில் இசை நாடகம் ஊரூராகப் போயிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அண்ணாவிமாரைத் தேடிச் சென்று, கூத்தைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றி, கற்றவர்கள் அதனைக் கண்டு வெட்கப்பட்ட காலத்தை முடித்துவைத்தார். முல்லைமணி வே. சுப்பிரமணியம் போன்ற ஆசிரியர்கள் பண்டாரவன்னியனை நாடகமாக்கினார்கள். இவையெல்லாம் பெருமைக்குரியவை. எனினும் அந்த மறுமலர்ச்சி கலையைக் காத்த அளவுக்குக் கலைஞனின் அடுப்பைப் பார்க்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். அதன் கண்ணோட்டத்தில் கூத்து நம் பாரம்பரியச் செல்வம். அண்ணாவியார் அதன் பாதுகாவலர். பாதுகாவலருக்குச் சம்பளம் உண்டா என்று கேட்பது அநாகரிகமாயிற்று.

பின்னர் யுத்தம் வந்தது. ஒரு பக்கம் ஆயுதம் ஏந்திய ஆட்சியின் பிரசாரக் கருவியாக மேடை ஆயிற்று; மறுபக்கம் தடையும் சந்தேகமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே தன் காலில் நிற்கும் எந்தச் சங்கமும் முளைக்க வழியில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து மக்கள் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, உயிரையே தூக்கிக்கொண்டு வர முடியாதவர்கள் மத்தளத்தையும் உடுப்பையும் ஏட்டையும் எப்படித் தூக்கி வந்திருப்பார்கள்?

மீள்குடியேறிய பின் மேடை மீண்டும் கிடைத்தது, வேறு உருவத்தில். மிதிவெடி அபாயத்தைச் சொல்ல நாடகம், நுளம்புக் காய்ச்சலைச் சொல்ல நாடகம், கடன்சுமையைச் சொல்ல நாடகம். தொண்டு நிறுவனம் அழைக்கிறது, திணைக்களம் அழைக்கிறது, பாடசாலைப் போட்டிக்குக் கூத்துப் பழக்க அண்ணாவியார் அழைக்கப்படுகிறார். இது நேர்த்தியன்று. அழைப்பவருக்குத் திட்டம் உண்டு. திட்டத்துக்கு நிதி உண்டு. நிதிக்குக் கணக்கு உண்டு. வாகன வாடகையும் ஒலிபெருக்கி வாடகையும் அந்தக் கணக்கில் விலையோடு நிற்கின்றன. ஆடுபவனுக்கு மட்டும் போக்குவரத்துச் செலவும் சாப்பாட்டுப் பொதியும் 'ஓர் அன்பளிப்பும்'. ஒலிபெருக்கிக்காரனிடம் அன்பளிப்புக்கு வேலை செய் என்று எவரும் கேட்பதில்லை.

இங்கே மதுரையின் பாடம் பயன்படும், நியூயோர்க்கின் பாடம் அவ்வளவு பயன்படாது. நமக்கு ஒரு முதலாளி இல்லை. பலர் உண்டு, ஒவ்வொருவரும் ஒரு நாளுக்கு. ஓர் இரவுக்கு இவ்வளவு, பழக்கும் மாதத்துக்கு இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று கூடி எழுதிவைப்பதே முதல் வேலை. கோயிலுக்கு நேர்ந்து ஆடுவதற்கு அப்பட்டியலில் இடமில்லை. நேர்த்திக்கு விலையில்லை, வேலைக்கு விலையுண்டு என்ற கோட்டை ஆடுபவர்களே கிழிக்கட்டும். அவர்களைவிட நன்றாக அதை அறிந்தவர் எவருமில்லை. கூத்து வியாபாரமாகிவிடும் என்று அஞ்சும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: தம் சம்பள உயர்வுக்காகச் சங்கம் வைத்திருக்கும் நாம், கல்வி வியாபாரமாகிவிடும் என்று அஞ்சி அதைக் கலைத்துவிடவில்லை.

சட்டம் தடையா என்றால், இல்லை. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளி என்பவனைத் தாராளமாகவே வரையறுக்கிறது. உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை, வாய்ப்பேச்சாக இருந்தாலும் போதும்; தன் கையால் ஒரு வேலையை முடித்துத் தர ஒப்புக்கொண்டவனும் தொழிலாளி; வழக்கமாக அவ்வேலை செய்பவன் குறித்த நேரத்தில் வேலையின்றி இருந்தாலும் தொழிலாளிதான். வெற்றிலையில் வைத்துப் பேசிய பேச்சு இதற்குள் அடங்குமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். அடங்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. பதிவுக்கான விண்ணப்பத்தில் ஏழு அங்கத்தவர் கையெழுத்திட்டாற் போதும்.

ஒரு கூத்துக் களரியை எண்ணிப் பார்ப்போம். அண்ணாவியார் ஒருவர். மத்தளம் ஒருவர். தாளம் ஒருவர். பிற்பாட்டுக்காரர் இருவர். வேடம் கட்டி முகம் எழுதுபவர் ஒருவர். உடுப்பும் முடியும் செய்து வாடகைக்குக் கொண்டுவருபவர் ஒருவர். ஏழு பேர் ஆயிற்று. ஆட்டக்காரரை நாம் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.